அத்தர் விற்பதற்கு அப்பால்: நறுமணம் படைக்கும் தொழிலுக்குப் போவது எப்படி?

அத்தர் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஜும்ஆவுக்குப் புறப்படும்போதும், பெருநாள் காலையிலும், நிக்காஹ் வீட்டிலும் அது நம்மோடு இருக்கிறது. பள்ளிவாசல் வாசலில் சிறு பெட்டியைத் திறந்து வைத்து அத்தர் விற்பவரையும், கடைத்தெருவில் சென்ட் கடை நடத்துபவரையும் நாம் நன்றாக அறிவோம். வளைகுடாவிலிருந்து ஊர் வருபவரின் பெட்டியில் ஊதும் பக்கூரும் இல்லாமல் இருப்பது அபூர்வம். ஆனால் அந்தக் குப்பிக்குள் இருக்கும் மணத்தை உருவாக்கியவர் யார், அவர் என்ன படித்தார், அந்த வேலைக்கு எப்படிப் போனார் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. வாங்குகிறோம், பூசுகிறோம், விற்கிறோம். அதைப் படைக்கும் இடத்துக்கு நம் பிள்ளைகளை அனுப்பலாம் என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை.

இதைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. சில நாட்களில் பெர்ஃப்யூம் தொழிலைக் கற்றுத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் பிள்ளைகளின் கைபேசிக்கு வந்துகொண்டிருக்கின்றன. "வாப்பா, இந்த வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்" என்று மகன் கேட்டால், கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அளவுக்காவது நமக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உண்மையிலேயே ஆர்வமும் திறமையும் உள்ள பிள்ளையாக இருந்தால், "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று தட்டிக் கழித்துவிடவும் கூடாது. இரண்டுக்கும் இந்தக் கட்டுரை உதவும்.

பெர்ஃப்யூமர் என்பவர் யார்?

மணத்தை வடிவமைப்பவருக்குத் தொழிலில் பெர்ஃப்யூமர் என்று பெயர். பிரான்சில் அவரைச் செல்லமாக "மூக்கு" என்றே அழைப்பார்கள். சமையல்காரர் மசாலாப் பொருள்களைக் கையாள்வதுபோல இவர் மணப்பொருள்களைக் கையாள்கிறார். ரோஜா, மல்லிகை, வெட்டிவேர், சந்தனம், ஏலம், கிராம்பு போன்ற இயற்கைப் பொருள்களிலிருந்து எடுத்த எண்ணெய்கள் ஒரு பக்கம். வேதியியல் ஆய்வகத்தில் உருவான மணப்பொருள்கள் மறுபக்கம். இரண்டும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் ஒரு பெர்ஃப்யூமரின் கைவசம் இருக்கும். ஒவ்வொன்றும் தனியாக எப்படி மணக்கும், எவ்வளவு நேரம் நிற்கும், எதனோடு சேரும், எதனோடு சேராது என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

அவர் எழுதும் வாய்பாடு பெரும்பாலும் ஆயிரம் பங்குக் கணக்கில் இருக்கும். இந்தப் பொருள் 120 பங்கு, அந்தப் பொருள் 35 பங்கு, இன்னொன்று அரைப் பங்கு என்று பட்டியல் நீளும். அந்த அரைப் பங்கை இரண்டு பங்காக்கினால் மொத்த மணமும் கெட்டுப்போகலாம். மல்லிகைப் பூவில் இயற்கையாகவே இந்தோல் என்றொரு பொருள் இருக்கிறது. அதைத் தனியாக முகர்ந்தால் அந்துருண்டை நெடிபோல மூக்கைச் சுளிக்க வைக்கும். மிகச் சிறிய அளவில் மற்றப் பொருள்களோடு சேர்ந்தால்தான் "இது மல்லிகைப் பூ" என்று மனம் நம்பும். ரோஜாவிலும் டமாஸ்கனோன் என்ற பொருள் துளியிலும் துளிதான் இருக்கிறது. ஆனால் அது இல்லாவிட்டால் ரோஜா மணம் வெறும் சோப்பு மணமாகிவிடும். அளவு அறிவதே இந்தக் கலையின் உயிர்.

லில்லி ஆஃப் தி வேலி என்று ஐரோப்பாவில் ஒரு வெள்ளைப் பூ உண்டு. அதிலிருந்து வாசனைத் தொழிலுக்குப் பயன்படும்படி எண்ணெய் எடுக்க முடிவதில்லை. ஆனாலும் அந்தப் பெயரில் எத்தனையோ சோப்புகளும் சென்ட்டுகளும் விற்கின்றன. பல பொருள்களைக் கலந்து அந்தப் பூவின் நினைவை எழுப்பும் மணத்தைப் பெர்ஃப்யூமர் கட்டியெழுப்புகிறார். இது வெறும் கலவை வேலை அல்ல, படைப்பு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டு பள்ளிகள்: கண்ணோஜும் கிராஸும்

இந்தியாவில் அத்தருக்குப் பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்திலுள்ள கண்ணோஜ். அங்கே வடிக்கும் முறைக்கு டெக்-பப்கா என்று பெயர். "டெக்" என்பது பெரிய செம்பு அண்டா. அதில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியின் விளிம்பைக் களிமண் வைத்து அடைத்து, கீழே தீ மூட்டுவார்கள். மேலெழும் ஆவி மூங்கில் குழாய் வழியாக "பப்கா" என்ற செம்புக் குடத்துக்குப் போகும். அந்தக் குடம் தண்ணீர்த் தொட்டிக்குள் குளிர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் முன்பே ஊற்றி வைத்த சந்தன எண்ணெய், வரும் மணத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரிந்து நிற்கும் தண்ணீரை வடித்து மீண்டும் அண்டாவில் ஊற்றி, புதுப் பூப் போட்டு, இப்படியே பல நாள் செய்வார்கள். தீ கூடினால் பூ கருகும், குறைந்தால் மணம் ஏறாது. இதைக் கையால் தொட்டும், கொதிக்கும் சத்தத்தைக் கேட்டும் கணிக்கும் தொழிலாளர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சுட்ட மண்ணிலிருந்து முதல் மழையின் மணத்தை வடித்தெடுக்கும் "மிட்டி அத்தர்" அந்த ஊரின் பெருமை. கண்ணோஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சந்தன எண்ணெயின் விலை ஏறிவிட்டதால் இன்று பலர் அதற்குப் பதில் வேறு மலிவான எண்ணெய்களை அடிப்படையாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மற்றொரு பள்ளி பிரான்சின் தெற்கிலுள்ள கிராஸ் நகரம். தோல் பதனிடும் ஊராக இருந்து, தோலின் நெடியைப் போக்க வாசனை ஏற்றத் தொடங்கி, பிறகு பூக்களுக்கே பேர்போன ஊராக மாறியது அது. கிராஸின் நறுமணக் கலைத்திறனை 2018-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜான் கார்ல் என்ற பெர்ஃப்யூமர் 1946-ல் அங்கே தொடங்கிய பயிற்சிப் பள்ளிதான் இன்று ஜிவாடான் நிறுவனத்தின் பள்ளியாக அறியப்படுகிறது. அவர் வகுத்த பயிற்சி முறை எளிமையானது. முதலில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட மணங்களை முகர்ந்து பழக வேண்டும். பிறகு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மணங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய வேறுபாட்டை அறிய வேண்டும். அடுத்து இரண்டே பொருள்களை எடுத்து 9-க்கு 1, 8-க்கு 2, 7-க்கு 3 என்று விகிதத்தை மாற்றி மாற்றிக் கலந்து, எந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகிப் புது மணம் பிறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்றும் மாணவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

இந்தக் கலை ஐரோப்பாவில் பிறந்ததென்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. 9-ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, வாசனைப் பொருள்களைக் கலப்பது பற்றியும் காய்ச்சி வடிப்பது பற்றியும் தனி நூலே எழுதியிருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேதியியல் இந்தத் தொழிலை அடியோடு மாற்றியது. 1868-ல் கூமரின், 1874-ல் வனிலின், 1893-ல் வயலட் பூவின் மணம் தரும் அயோனோன் ஆகியவற்றை ஆய்வகத்தில் தயாரிக்க வழி பிறந்தது. ஒரு காலத்தில் செல்வந்தருக்கு மட்டும் கிடைத்த வாசனை, சாதாரணக் குடும்பத்தின் சோப்புக் கட்டிக்கும் வந்து சேர்ந்தது இதனால்தான். எனவே இன்று பெர்ஃப்யூமர் ஆக நினைப்பவர் வேதியியலைத் தவிர்க்க முடியாது.

நம் ஊர்ப் பூவும் இந்த வரைபடத்தில் இருக்கிறது

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை நாம் தலையில் சூடும் பூவாகவே அறிவோம். ஆனால் தமிழ்நாட்டு மல்லிகையும் பிச்சியும் உலகின் புகழ்பெற்ற பெர்ஃப்யூம்களுக்கு மூலப்பொருளாகப் போகின்றன. கோயம்புத்தூர், சத்தியமங்கலம், திண்டுக்கல் வட்டாரங்களில் இதற்கான ஆலைகள் உள்ளன. காலையில் பறித்த மொட்டை விரித்துப் போட்டு, அது மலர்ந்து மணம் விடும் நேரம் பார்த்து ஆலையில் ஏற்றுகிறார்கள். ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவின் மணம் இறங்குகிறது. கரைப்பானை ஆவியாக்கி எடுத்தால் மெழுகுபோல ஒரு பொருள் மிஞ்சும். அதன் பெயர் கான்கிரீட். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை நீக்கினால் அப்சல்யூட் என்ற தூய சாரம் கிடைக்கும். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். சந்தையில் பூ விலை சரிந்து விவசாயி கையைப் பிசையும் நாட்களில், பூவை எடுத்துக்கொள்ள இந்த ஆலைகள் இருப்பது ஓர் ஆறுதல்.

கடலூர்ப் பக்கம் வெட்டிவேர், நீலகிரியில் யூகலிப்டஸ் என்று இன்னும் மூலப்பொருள்கள் நம் மாநிலத்தில் உண்டு. பாரிஸுக்குப் போனால்தான் இந்தத் துறையில் நுழைய முடியும் என்பதில்லை. இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஒரு பிச்சிப்பூ ஆலை இருக்கக்கூடும். வேதியியல் படிக்கும் பிள்ளையைக் கல்லூரி மூலம் அனுமதி கேட்டு ஒருமுறை அங்கே அனுப்பிப் பாருங்கள். ஆர்வம் உண்மையா, வெறும் ஆசையா என்பது அன்றே தெரிந்துவிடும்.

மூலப்பொருளைத் தெரிந்துகொள்வதிலிருந்து வளர்ந்தவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஹாஜி அஜ்மல் அலி. அஸ்ஸாமின் ஹோஜாய் பகுதியில் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். ஊது எடுக்கும் அகர் மரம் விளையும் மண் அது. அந்த அகரை எடுத்துக்கொண்டு மும்பைக்கு வந்து வணிகம் தொடங்கினார். இன்று துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட அஜ்மல் பெர்ஃப்யூம்ஸ் நிறுவனம், தன் தொடக்க ஆண்டாகக் குறிப்பிடுவது 1951-ஐ. கட்டையைப் பார்த்தே தரத்தைச் சொல்லும் அறிவுதான் அந்த வணிகத்தின் முதல் முதலீடு.

ஒரு சோப்பின் மணம் எப்படிப் பிறக்கிறது?

பெர்ஃப்யூமர் என்றதும் கண்ணாடிக் குப்பியும் விலையுயர்ந்த சென்ட்டும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் இந்தத் துறையின் வேலையில் பெரும்பகுதி சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள், தரை துடைக்கும் திரவம், ஊதுபத்தி போன்ற அன்றாடப் பொருள்களுக்கானது.

ஒரு சோப்பு நிறுவனம் புதிதாக ஒரு சோப்பு கொண்டுவர நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணத்தை அந்த நிறுவனமே பெரும்பாலும் தயாரிப்பதில்லை. தனக்கு எப்படிப்பட்ட மணம் வேண்டும், யார் வாங்குவார்கள், கிலோவுக்கு எவ்வளவு விலைக்குள் இருக்க வேண்டும் என்று எழுதி, மணம் தயாரிக்கும் மூன்று நான்கு நிறுவனங்களுக்கு அனுப்பும். இந்தக் குறிப்புக்கு "பிரீஃப்" என்று பெயர். ஜிவாடான், டிஎஸ்எம்-ஃபிர்மெனிஷ், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ் ஆகியவை இவ்வகையில் உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள். மும்பையில் 1922 முதல் இயங்கும் எஸ்.எச். கேல்கர் நம் நாட்டு நிறுவனம்.

பிரீஃப் கைக்கு வந்ததும் பெர்ஃப்யூமர் வாய்பாடு எழுதுகிறார். ஆய்வக உதவியாளர் அதைத் தராசில் துல்லியமாக நிறுத்துக் கலக்குகிறார். இவாலுவேட்டர் எனப்படும் மதிப்பீட்டாளர் முகர்ந்து பார்த்து, "இது பிரீஃபுக்குப் பொருந்தவில்லை, இன்னும் குளிர்ச்சி வேண்டும்" என்கிறார். மாற்றி எழுதுகிறார்கள், மீண்டும் மாற்றுகிறார்கள். ஒரே மணத்துக்குப் பல பத்து முயற்சிகள் நடப்பது சாதாரணம்.

கலவை நன்றாக மணந்தால் மட்டும் போதாது. அதைச் சோப்பில் போட்டுப் பார்க்க வேண்டும். வனிலின் கூடுதலாக இருந்தால் வெள்ளைச் சோப்பு சில வாரங்களில் பழுப்பாகிவிடும். எலுமிச்சை மணம் தரும் சிட்ரல், சோப்பின் காரத்தன்மையில் சிதைந்துபோகும். குப்பியில் சொர்க்கமாக மணந்தது குளியலறையில் காணாமல் போகலாம். சூட்டில் வைத்து, வெயிலில் வைத்து, மாதக்கணக்கில் சோதிப்பார்கள். இத்தனையும் முடிந்து போட்டியில் தோற்றால் அந்த உழைப்பு அலமாரிக்குப் போகும். வென்றாலும் சோப்பின் உறையில் பெர்ஃப்யூமரின் பெயர் இருக்காது. வாய்பாடு நிறுவனத்தின் ரகசியம். பெயரும் புகழும் தேடுகிற பிள்ளைக்கு இந்த வேலை ஏமாற்றம் தரலாம். பொறுமையும் நுணுக்கமும் உள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் சலிக்காத வேலை இது.

மூக்கு பிறவியிலேயே வேண்டுமா?

மணங்களை நுகரும் திறன் அடிப்படையாக இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பெர்ஃப்யூமரின் மூக்கு நம் மூக்கைவிடப் பல மடங்கு கூர்மையானது என்பது கட்டுக்கதை. நமக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு நினைவாற்றலிலும் பயிற்சியிலும்தான் இருக்கிறது. ஹாஃபிழ் பிள்ளைகள் தினமும் ஓதி ஓதி நினைவில் நிறுத்துவதுபோல, இவர்கள் தினமும் முகர்ந்து முகர்ந்து நினைவில் நிறுத்துகிறார்கள். முகர்ந்ததைச் சொல்லில் எழுதுகிறார்கள். "நல்ல வாசனை" என்று எழுதுவதில் பயனில்லை. "பச்சைப் புல்லை நசுக்கியதுபோல", "ஈர மண்", "பழைய புத்தகம்", "வெல்லப் பாகு" என்று எழுதினால்தான் அடுத்த மாதம் அதே பொருளை அடையாளம் காண முடியும்.

என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம்?

பிளஸ் டூவில் வேதியியல் உள்ள பிரிவு, பிறகு வேதியியல், உயிர்வேதியியல், மருந்தியல், வேதிப் பொறியியல் ஆகியவற்றில் ஒரு பட்டம். இதுதான் உறுதியான அடித்தளம். இந்தத் துறை கைகூடாவிட்டாலும் பட்டம் வீணாகாது என்பது பெற்றோருக்கு ஒரு நிம்மதி.

பட்டத்துக்குப் பிறகு நம் நாட்டிலேயே சில வாயில்கள் உள்ளன. கண்ணோஜில் மத்திய அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின்கீழ் 1991 முதல் இயங்கும் நறுமணம் மற்றும் சுவை மேம்பாட்டு மையம், சுருக்கமாக எஃப்எஃப்டிசி, வாசனை எண்ணெய் வடித்தல், மணக் கலவை, ஊதுபத்தி போன்றவற்றில் குறுகியகாலப் பயிற்சிகள் தருகிறது. மும்பை முலுண்டிலுள்ள வி.ஜி. வாஸே கல்லூரி, நறுமணம் மற்றும் அழகுசாதன மேலாண்மையில் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனமான சிமாப், தாவரம் வளர்ப்பதிலிருந்து எண்ணெய் எடுப்பது வரை பயிற்சி தருகிறது. விவசாய நிலம் உள்ள குடும்பங்கள் இதைக் கவனிக்கலாம். இவற்றின் கட்டணமும் சேர்க்கைத் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் வெர்சாய்ல் நகரில் 1970-ல் தொடங்கிய இசிப்கா, கிராஸில் 2002-ல் தொடங்கிய கிராஸ் நறுமணக் கல்வி நிறுவனம் ஆகியவை பேர்பெற்றவை. செலவு அதிகம். பெரிய நிறுவனங்கள் தாமே நடத்தும் பள்ளிகளில் பயிற்சி பல ஆண்டுகள் நீளும். உலகம் முழுவதிலுமிருந்து மிகச் சிலரையே எடுப்பார்கள். பெரும்பாலும் தங்களிடம் ஏற்கெனவே ஆய்வகத்தில் வேலை செய்பவர்களிடையே திறமையைக் கண்டெடுக்கிறார்கள். ஆகவே கடன் வாங்கி நேராக பிரான்சுக்குப் போவதைவிட, இங்கே ஒரு மணத் தயாரிப்பு நிறுவனத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து நான்கு ஐந்து ஆண்டு பொருள்களோடு பழகுவது பாதுகாப்பான வழி. மும்பை இத்துறையின் இந்தியத் தலைநகரம் என்றே சொல்லலாம்.

பெர்ஃப்யூமர் மட்டும்தானா?

இல்லை. ஒரு பெர்ஃப்யூமருக்குப் பின்னால் பலர் வேலை செய்கிறார்கள். மதிப்பீட்டாளர், கலவை நிறுப்பவர், கேஸ் குரோமட்டோகிராஃபி கருவியால் எண்ணெயின் தூய்மையைச் சோதிக்கும் வேதியியலாளர், சோப்பிலும் ஷாம்புவிலும் மணத்தைப் போட்டுச் சோதிப்பவர், மூலப்பொருள் கொள்முதல் செய்பவர், பாதுகாப்பு விதிகளைச் சரிபார்ப்பவர் என்று அது ஒரு நீண்ட வரிசை. மதிப்பீடு, தரச்சோதனை, விதிமுறை ஆகிய பணிகள் பெண் பிள்ளைகளுக்கும் நன்கு பொருந்தும். ஆய்வகத்தில் அமர்ந்து செய்யும் வேலைகள் இவை.

விதிமுறை என்பது சிறு விஷயமல்ல. 1973-ல் அமைந்த சர்வதேச நறுமணச் சங்கமான இஃப்ரா, எந்தப் பொருளை எவ்வளவு பயன்படுத்தலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று தரநிலைகள் வெளியிடுகிறது. பல்லாண்டு புழங்கிய லிலியல் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுசாதனங்களில் தடை செய்தது. உடனே எத்தனையோ வாய்பாடுகளை மாற்றி எழுத வேண்டியிருந்தது. வேதியியலும் ஆங்கிலமும் நன்கு தெரிந்த ஒருவருக்கு இந்தப் பிரிவில் நிலையான வேலை இருக்கிறது.

சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு

நம் இளைஞர்கள் பலர் மொத்தக் கடையில் எண்ணெய் வாங்கி, சிறு குப்பிகளில் ஊற்றி, வாட்ஸ்அப்பில் விற்கிறார்கள். உழைத்துச் சம்பாதிப்பது நல்லதே. ஆனால் சில விஷயங்களில் கவனம் தேவை.

முதலாவது, உரிமம். உடலில் பூசும் வாசனைப் பொருள்கள் நம் நாட்டுச் சட்டப்படி அழகுசாதன வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தயாரித்து விற்க 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். குப்பியின் மேல் தயாரிப்பாளர் பெயர், அளவு, விலை, தொகுதி எண் போன்றவை இருக்க வேண்டும். முதலில் சிறிதாகச் செய்ய விரும்புபவர்கள், உரிமம் உள்ள ஆலையில் தங்களுக்காகத் தயாரித்து வாங்கலாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. எண்ணெயை அப்படியே தோலில் பூசுவது ஆபத்து. பட்டை எண்ணெய் தோலை எரிக்கும். சில நாரத்தை வகை எண்ணெய்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுத்துப் புண்ணாகும். ஸ்ப்ரேக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று மெத்தனால் கலப்பது பெருங்குற்றம். அது விஷம், பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடியது. எத்தனால் வாங்கி வைக்கவும் அரசு அனுமதி தேவை. அது எளிதில் தீப்பிடிக்கும், வீட்டில் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைக்கக் கூடாது.

மூன்றாவது, நாணயம். ஆய்வகக் கலவையை "அசல் ஊது", "சுத்தச் சந்தனம்" என்று சொல்லி விற்பது ஏமாற்று. கலவை விற்பதில் தவறில்லை, கலவை என்று சொல்லி விற்க வேண்டும். பிற நிறுவனத்தின் பெயரையும் குப்பி வடிவத்தையும் அப்படியே போட்டு விற்றால் வணிகக்குறி வழக்கு வரும். வாடிக்கையாளர் ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை வரமாட்டார். ஊரில் நம் பெயரும் கெடும்.

ஆல்கஹால் பற்றிய கேள்வி

இதைக் கேட்காத பெற்றோர் இல்லை. வாசனைப் பொருளில் ஆல்கஹால் சேர்ப்பது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். தொழில் நடைமுறையை மட்டும் இங்கே சொல்கிறோம். ஸ்ப்ரே வகைகளில் எத்தனால்தான் பொதுவான கரைப்பான். அத்தர், பக்கூர், சோப்பு, சலவைத்தூள், ஊதுபத்தி ஆகியவற்றுக்கான மணங்களை எத்தனால் இல்லாமலே தயாரிக்கலாம். ஆய்வகத்தில் பொருள்களை நீர்த்துப்போகச் செய்ய எத்தனாலுக்குப் பதில் டைபுரோபிலின் கிளைக்கால் போன்றவையும் புழக்கத்தில் உள்ளன. கஸ்தூரி, புனுகு போன்றவற்றின் இடத்தில் இன்று பெரும்பாலும் ஆய்வகப் பொருள்களே வந்துவிட்டன. வேலைக்குச் சேரும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டுத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு உண்டு.

பணம் கட்டுவதற்கு முன்

எந்த வகுப்பில் சேர்வதாக இருந்தாலும் இவற்றைக் கேளுங்கள். கற்றுத் தருபவர் எந்த நிறுவனத்தில் எத்தனை ஆண்டு பெர்ஃப்யூமராக இருந்தார்? பயிற்சியில் எத்தனை மூலப்பொருள்களை மாணவர் கையால் தொட்டு முகர்ந்து பழகுவார்? வாய்பாடு எழுதக் கற்றுத் தருகிறார்களா, அல்லது தயாரான எண்ணெயை வாங்கி ஊற்றக் கற்றுத் தந்துவிட்டு, அந்த எண்ணெயைத் தங்களிடமே வாங்கச் சொல்கிறார்களா? பாதுகாப்பு அளவுகள் பாடத்தில் உண்டா? முன்பு படித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களிடம் பேச முடியுமா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வகுப்பு ஒரு பொழுதுபோக்கை அறிமுகப்படுத்தலாம். தொழிலைத் தராது.

இந்த மாதமே தொடங்கக்கூடிய பயிற்சி

செலவில்லாமல் பிள்ளையின் ஆர்வத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அடுக்களையிலும் கடைத்தெருவிலும் கிடைக்கும் பத்துப் பொருள்களை எடுங்கள்: ஏலக்காய், கிராம்பு, பட்டை, மிளகு, எலுமிச்சைத் தோல், வெட்டிவேர், மரிக்கொழுந்து, பன்னீர் ரோஜா, காப்பித்தூள், சாம்பிராணி. ஒரே மாதிரியான சிறு டப்பாக்களில் போட்டு, அடியில் மட்டும் பெயர் எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் முகர்ந்து, மனத்தில் தோன்றுவதைப் பிள்ளை நோட்டில் எழுதட்டும். ஒரே மூச்சில் பத்தையும் முகர வேண்டாம். மூக்கு சோர்ந்துவிடும், இடையிடையே வெளிக்காற்று வேண்டும். வாரம் நான்கு நாள் இப்படிச் செய்து, பத்தையும் தவறில்லாமல் சொன்னதும் அடுத்த பத்துக்குப் போகலாம். பிறகு கிராம்புக்கும் பட்டைக்கும், எலுமிச்சைக்கும் நாரத்தைக்கும், ரோஜாவுக்கும் மரிக்கொழுந்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லால் விளக்கச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் நின்றுபோயிருந்தால் பெருஞ்செலவு செய்யாமல் ஒரு விஷயம் தெரிந்துகொண்டீர்கள். பக்கங்கள் நிறைந்து, யாரும் சொல்லாமலே ஐம்பதாவது பொருளுக்குப் போயிருந்தால், அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து வேதியியல் பட்டப்படிப்பு பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.